நாலு விரல் ஆட்டம்

மார்ச் 4, செவ்வாய்

நாளை முதல் லாரியை நான்தான் ஓட்டப்போகிறேன். போன வாரம் ஒரு வீட்டு வாசல் தூணில் அக்கா வண்டியை உரசியதோடு அது முடிவாகிவிட்டது. அவள் மகன் என்னைத்தான் போனில் கூப்பிட்டான். "சித்தி, அம்மாவுக்கு அம்பத்தாறு ஆச்சு. கையில பிடிப்பு இல்ல. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

இன்று சொன்னேன். சொன்ன விதம்தான் சரியில்லை. சாமான் ஏற்றும் ஆட்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். "வண்டி அலையுதுடி" என்றாள் அக்கா. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அக்கா சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 5, புதன்

ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்கள். மூன்று பீரோ, இரண்டு கட்டில், ஒரு தையல் மெஷின். தெருக்களுக்குள் ஒன்றும் தெரியவில்லை. பெரிய சாலையில் ஏறி வேகம் எடுத்ததும் வண்டி தானாக ஓரத்துக்கு நழுவியது. திருப்பினேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். சட்டென்று மறுபக்கம் பாய்ந்தது. எதிரே வந்த பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஏன் திறக்கவில்லை?

பதினெட்டு வருஷமாக இது அக்காவின் வண்டி. நான் கயிறு கட்டுகிறவள், வழி கேட்கிறவள், பின்னால் நின்று "வா, வா, போதும்" என்று கத்துகிறவள். இரண்டு நாளாக ஆட்கள் என்னிடம் வந்து "எத்தனை மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதவே கூசுகிறது.

மார்ச் 8, சனி

எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அக்காவிடம் புளுகிவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்டியரிங்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். டயர் அசையத் தொடங்கும்வரை எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று அளந்தார். நாலு விரல்.

"ஒண்ணு, ஒன்றரை விரல் ஆடலாம்மா. இருபத்திரண்டு வருஷ வண்டி. ஆனா இது ஸ்டியரிங் இல்ல, ஊஞ்சல்."

முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்க்கும் கம்பியின் ஒரு முனை தேய்ந்துபோய்க் கடகடத்தது. மாற்றினார். மூன்று விரலானது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று, ஸ்டியரிங்கின் சுற்றலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டியரிங் பாக்ஸின் திருகை இறுக்கிக் கொடுத்தார். ஆட்டம் குறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். முதல் வளைவிலேயே அது போய்விட்டது. திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. இழுத்து, இழுத்து நேராக்கினேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

திரும்பப் போய் நின்றேன். "தப்பு என்னுதுதான். தளர்வா இருக்கேன்னு இறுக்கிப் பாத்தேன்" என்று பழையபடியே தளர்த்தினார். "ஒருத்தர் மேல இருந்து ஆட்டணும், ஒருத்தர் கீழ படுத்துப் பாக்கணும். சனிக்கிழம கீழ படுத்து வேல பாத்ததுல எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, குனியவே கஷ்டம். உங்க அக்காவக் கூட்டிட்டு வாங்களேன். அந்த வண்டி தும்மினாக்கூட அவங்களுக்குத் தெரியும்."

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பீரோக்களுக்குச் சுற்றும் கம்பளிகளை அக்கா முன்னறையில் மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வண்டிதான் அலையுது. உன் கை இல்ல."

"தெரியும்."

"எனக்கும் தெரியும். மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

ஒரு கம்பளியை முழுசாக மடித்து அடுக்கிய பிறகுதான் பேசினாள். "நான் வாயத் திறந்தா மறுபடியும் சிரிப்பீங்கன்னு நான் பேசல. நீ ஏன்டி பேசல? தெரிஞ்சே ஓட்டியிருக்க. நம்ம ரெண்டு பேர விடு. எதிர்ல வந்தவங்க எத்தன பேரு?"

என்ன மனுஷி நான்? அந்த பஸ்ஸில் ஜனங்கள் இருந்தார்களே — அதை நான் நினைத்தே பார்க்கவில்லையே! அழுதேன். அழாதே என்று அக்கா சொல்லவில்லை. அடுத்த கம்பளியை எடுத்தாள்.

மார்ச் 12, புதன்

காலையில் எழுந்து பார்த்தால், பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு லாரிப் பக்கத்தில் நிற்கிறாள். பட்டறைவரை நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன்.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனாள். நான் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். கீழே இருந்து குரல் மட்டும் வந்தது. "மெதுவா... இன்னும்... நிறுத்து. திரும்ப ஆட்டு." பிறகு, "அடியே! பாக்ஸே நகருதுடி!"

ஸ்டியரிங் பாக்ஸை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருக்கும் இடம். துணியால் கிரீஸைத் துடைத்தாள். ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். நான் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம், சக்கரம் திரும்புவதற்கு முன்னால் பாக்ஸ் அசைந்து கொடுத்திருக்கிறது.

மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இது பிஞ்சிருந்தா நீங்க எந்தப் பக்கம் திருப்பியும் பிரயோஜனமில்ல" என்றார்.

அக்கா எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டாள். "மூணு மாசமா நானும் அதத்தான் சொல்லிட்டிருந்தேன்."

மார்ச் 14, வெள்ளி

பாக்ஸைக் கழற்றியாயிற்று. விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் நுனியில் ஒரு துளை போட்டு, வெல்டிங் வைத்து, மேலே கனமான தகடு. போல்ட்டுகள் புதிது. இரண்டு வேலைகளை வேறு வண்டிக்காரருக்கு விட்டுக்கொடுத்தோம்.

மார்ச் 17, திங்கள்

ஒன்றரை விரல்!

சாவியை அக்காவிடம் நீட்டினேன். அதற்கு முன் ஆட்களைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் பேசினது தப்பு. அக்கா கையில ஒரு குறையும் இல்ல" என்றேன். தலையைச் சொறிந்தபடி ஒருவர், "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் அந்தச் சிரிப்பு சிரிச்சீங்களாக்கும்" என்று அக்கா கேட்டாள். அவளும் சிரித்தாள். ஆனால் என்னைப் பார்த்து இல்லை.

மாலையில் அவள் மகனைப் போனில் கூப்பிட்டு நானே சொன்னேன். "அம்மாகிட்டக் குடுங்க சித்தி" என்றான். கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

வேலை. தேவைக்கு மட்டும் பேச்சு.

மார்ச் 27, வியாழன்

இதுவரை போனதிலேயே தூரமான சவாரி. போகும்போது அக்கா ஓட்டினாள். சாமான் இறக்கி முடித்ததும், கேட்காமலே சாவியை என்னிடம் தூக்கிப் போட்டாள். "போகும்போது நானு, வரும்போது நீ. இனிமே இப்படித்தான்."

வெயில் முகத்தில் அடித்தது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஏதோ சொல்லலாம் என்று திரும்பினேன். அக்கா கதவோரம் தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளம் வந்த இடங்களிலெல்லாம் மெதுவாக இறக்கி ஏற்றினேன்.