கோப்பைக்குக் கடைசி ஆள்

என் மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை இருக்கிறது. கட்டைவிரல் உயரம்தான். அதில் பாதி திராட்சரசம் மிச்சமிருக்கிறது. காலையில் ஊற்றியது, வெக்கையில் புளித்துவிட்டது. அறை முழுக்க அந்த வாடைதான். கழுவக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். இது எப்படி இங்கே வந்தது என்பதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் அடுத்த கோடையும் வந்துவிட்டது. இன்று காலை நம் ஆலயத்தில் நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. எழுத்து கோணலாக விழுந்தால் பொறுத்துக்கொள்.

அந்த ஒற்றை வெள்ளிக் கோப்பை நினைவிருக்கிறதா? மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனத்துக்கு எல்லாரும் அதில்தான் வாய்வைத்துக் குடிக்க வேண்டும். யார் வாய்க்குப் பிறகு யார் வாய் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். முதலில் உங்கள் தெரு ஆண்கள், பிறகு உங்கள் தெருப் பெண்கள். அதற்குப் பிறகு சேரியிலிருந்து வருகிற எங்கள் ஆண்கள், அப்புறம் எங்கள் பெண்கள். எல்லாருக்கும் கடைசியாக விதவையான என் அம்மா. ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆகியும் அந்தத் தண்ணீரில் நனையாமல் காய்ந்தே கிடந்தது சாதி.

நீ சபை மூப்பரின் மகன். வரிசையில் முன்னால் போக வேண்டியவன். ஒரு மாதம் உன் முறை வந்தும் எழுந்திருக்காமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தாய். உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். எங்கள் பெண்கள் எழுந்தபோது நீயும் எழுந்து, என் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாய். அம்மா பதறிப் போனாள்.

"முன்னாடி போங்க தம்பி. நான் வெத்தலை போட்ட வாயி."

"அம்புட்டுத்தானே அத்தை? வெத்தலை வாசம் எனக்குப் பிடிக்கும்."

அத்தை! ஆலயம் முழுக்கக் கேட்டது. நீ அந்தக் கோப்பையில் வாய்வைத்ததைவிட அந்த ஒரு சொல்தான் உன் அப்பாவை உலுக்கியது. பஸ் ஸ்டாண்டில் நீ என்னை 'மாப்ள' என்று கூப்பிடுவது ஏற்கெனவே அவர் காதுக்கு எட்டியிருந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற முறை அது. அதைச் சேரிக்காரனிடமும் அவன் தாயிடமும், அதுவும் ஆண்டவர் சன்னிதியில் பேசிவிட்டாய். வாசலில் உன்னை மறித்துக்கொண்டார்.

"அவ உனக்கு எந்த வழியிலடா அத்தை?"

"எல்லாரும் ஒரே தகப்பனுக்குப் பிள்ளைகன்னு போன வாரம் நீங்கதானப்பா ஜெபம் பண்ணுனீங்க. அப்ப அவங்க உங்களுக்குத் தங்கச்சி. எனக்கு அத்தை. முறை சரியா வருதுல்ல?"

அவர் உன்னை அடிக்கக் கை ஓங்கினார். நீ அதற்கும் சிரித்தாய்.

திரும்புகிற வழியில் தெப்பக்குளத்துக் கரையில் வைத்து உன்னைத் திட்டினேன். "பெரிய தியாகமோ?" என்றேன். "தியாகமா? போடா. முன்னால போறவனுக்கு நாக்கு நனையுது, அம்புட்டுத்தான். கடைசி ஆளுக்குத்தான் போதகரு கோப்பையை நல்லாச் சாய்க்கிறாரு. நெஞ்சு வரைக்கும் இறங்குது மாப்ள" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலிடத்துக்கு மனு எழுதலாம், ஆலயத்துக்குள்ளேயே நின்று சத்தம் போடலாம் என்றெல்லாம் குதித்தேன். நீ என் தோளில் கையைப் போட்டாய். "எழுது, வேண்டாங்கல. ஆனா நீ கோவமாப் போனா ஒரு வாட்டிதான் போவ. நான் சந்தோஷமாப் போறேன். எல்லா வாட்டியும் போவேன்."

அப்படியே போனாய். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

நீ ஆலயத்துக்கு ஒரு முகம், பிழைப்புக்கு ஒரு முகம் வைத்திருந்தவனும் இல்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்புப் பூட்டிய அந்த பஸ்ஸுக்கு நீ ஏஜண்டு. மூக்கெல்லாம் கரியோடு "மேலூர், கொட்டாம்பட்டி!" என்று கத்துவாய். மற்றவர்கள் ஏறி முடித்த பிறகு எங்கள் ஆட்களை ஏற்று என்றார் முதலாளி. "வந்த வரிசைதான் அண்ணே. வண்டி கரியில ஓடுது, சாதியில ஓடல" என்றாய். எந்த நிமிடமும் வேலை போயிருக்கும். சங்கீதம் பாடுகிற அதே குரலில்தான் அதையும் சொன்னாய்.

போன கோடையில் வாந்திபேதி வந்தது. முதலில் விழுந்தவர்கள் உங்கள் தெருக்காரர்கள். உங்கள் தெருக் கிணற்றில் எங்களை வாளி இறக்க விடமாட்டார்கள். அதனாலேயே நாங்கள் தப்பித்தோம். ஒரு நாள் காலையில் கொட்டாம்பட்டி வண்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நீ, மறுநாள் காலையில் இல்லை. டாக்டர் வந்து கிணற்றில் மருந்து கொட்டினார். தண்ணீர்தான் காரணம் என்று உன் அப்பாவிடமே சொன்னார். பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். உன்மேல் போட்ட மண் காய்வதற்குள் பேச்சு மாறிவிட்டது. "கண்டவ எச்சியைக் குடிச்சான், போய்ச் சேந்துட்டான்" என்றார்கள். கிணறு சுத்தமாகிவிட்டது, அழுக்கு முழுக்க என் அம்மாவின் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது.

இன்று காலை மேடையில் வெள்ளிக் கோப்பையைக் காணவில்லை. அந்த இடத்தில் துணி மூடிய இரண்டு பித்தளைத் தட்டுகள். போதகர் சுகாதாரம் பற்றிப் பேசினார். இனி ஆளுக்கொரு தனிக் குவளை, சீமையிலேயே இப்போது இப்படித்தான் என்றார். பிறகு, உன்னைப் பெற்றவர்கள் உன் நினைவாக இவற்றைக் காணிக்கையாகத் தந்திருக்கிறார்கள் என்றார். துணியை எடுத்தார்கள். இரண்டு தட்டின் விளிம்பிலும் உன் பெயரை வெட்டியிருந்தார்கள். எந்தக் கோப்பைக்காக நீ கடைசியில் நின்றாயோ அதை உன் பெயரைச் சொல்லியே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் பக்கம் தட்டு வந்ததும் ஆசையாகக் கேட்டாள். "அந்தப் புள்ள பேரு எங்கடா போட்டிருக்கு?" காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். தடவிக்கொண்டே போன விரல் கைப்பிடியில் நின்றது. அங்கே சிவப்பு நூல் சுற்றியிருந்தது. உங்கள் பக்கம் போன தட்டில் நூல் இல்லை.

"இது எதுக்குய்யா?"

போதகர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கழுவுறப்ப மாறிடக் கூடாதுல்ல ஆத்தா. ஒரு அடையாளம்."

சந்தையில் டீக்கடைக்காரனும் எங்களுக்குத் தனிக் குவளைதான் வைத்திருக்கிறான். ஆனால் அதில் செத்தவன் பெயரை வெட்டி வைக்கவில்லை. பட்டணத்துப் பெரிய அம்மன் கோயிலே எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நாமோ ஆண்டவரின் பந்தியில் நூல் கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

அம்மா கத்தவில்லை. குவளையை எடுத்துப் பாதியைக் குடித்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து, நடுவழியைத் தாண்டி, உங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்க்குப் போனாள். உன் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"மதினி, நான் பாதி குடிச்சிட்டேன். அவன் இருந்தா மிச்சத்தை அவன் குடிப்பான். இப்ப நீங்க குடிங்க."

உன் அம்மாவின் கை நீண்டது. சத்தியமாக நீண்டது, நான் பார்த்தேன். விரல் குவளையைத் தொட்டது. "ஏய்!" என்று ஆண்கள் பக்கமிருந்து உன் அப்பா கத்தினார். கை முந்தானைக்குள் போய்விட்டது. அம்மா கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு குவளையை ஒரு சொட்டுச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

இனி அந்த வாசலை மிதிக்காதே என்று வீட்டில் வந்து கத்தினேன்.

"போவேன். அடுத்த மாசமும் மதினிகிட்ட நீட்டுவேன். அதுக்கு அடுத்த மாசமும் நீட்டுவேன்."

"உனக்குக் கோவமே வராதா?"

"வராமயா இருக்கும்? ஆனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனா அவ பயந்துருவாடா. இன்னைக்கே விரலு வரைக்கும் வந்துட்டா. அந்தப் புள்ள எப்படி வந்துச்சு? சிரிச்சுக்கிட்டேதான வந்துச்சு?"

அடுத்த மாதம் நானும் அவளோடு போகிறேன், மாப்ள. அவளுக்குப் பின்னால், நீ நின்ற இடத்தில் நிற்கப் போகிறேன். சிரிப்புதான் வரமாட்டேன் என்கிறது. சற்று முன் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். கடிக்க வருகிறவன் மாதிரி இருந்தது. ஒரு மாதம் இருக்கிறது. பழகிக்கொள்கிறேன்.