சுண்ணாம்பு அடித்த சுவர்

12.11.1993, வெள்ளி

ஓடைக்கரையில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்ட ஒரு வீதிக்கு மட்டும்தான் பணம் வந்திருக்கிறது. எந்த வீதிக்கு என்று பார்க்க இன்று என்ஜினியர் வந்தார். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய கறையை அவர் டேப் வைத்து அளப்பார்; கறை உயரமாக உள்ள வீதிக்குத்தான் சுவர். தற்காலிக எழுத்தரான நான் நோட்டில் குறிக்க வேண்டும்.

"பெரிய ஆபீசர் வர்றாருங்க, ஊட்டைக் கொஞ்சம் நல்லா வெச்சிருங்க" என்று எங்கள் வீதியில் முந்தாநாள் சொன்னது நான்தான். பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு எல்லோரும் உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு ருக்மணியக்காவுக்குப் போன மாதம் இடுப்பளவு தண்ணீர். சுவர் இன்று வெள்ளையாக இருந்தது.

"ஏதாவது சிரமம் இருக்காம்மா?" என்றார் என்ஜினியர்.

"ஒரு கொறையும் இல்லீங்க சார். நின்னுட்டே இருக்கறீங்களே, உக்காந்து காப்பி குடிங்க" என்றார் அக்கா.

"பரவாயில்லையே, சுத்தமான வீதி" என்று என்ஜினியர் என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே 'கறை இல்லை' என்று எழுதினேன். செய்தது உறைத்தபோது அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பி.ஏ. படித்த எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அக்கா கேட்டார்: "ஏங்கண்ணு, ஊட்டைப் பாத்துட்டு சார் என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னு சொன்னாருங்கக்கா."

"அப்பச் செவுரு நமக்குத்தான்!" என்று எதிர்வீட்டுக்குச் சொல்லப் போனார். நான் தடுக்கவில்லை.