நான் தின்ற இடைவெளிகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று உலகத்துக்கு என் வீரம் தேவைப்பட்டது. உலகம் என்றால் அக்கா மகள். திரைச்சீலை தைக்கும் பட்டறை தொடங்கி அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை: புது நூலகத்தின் அத்தனை ஜன்னல்களுக்கும் நீலத் திரை. அளவெடுப்பவர் ஜன்னல் அகலங்களைப் போனில் அடித்து அனுப்ப, இவள் அப்படியே கம்ப்யூட்டர் ஷீட்டில் ஒட்டிக் கூட்டல் போட்டிருக்கிறாள். மொத்த நூலகத்துக்கும் வந்த விடை, ஒன்பது மீட்டர்!

"வெள்ளிக்கிழம துணிக்குச் சொல்லணும் மாமா. ஒரே தடவதான் சாயம் போடுவாங்களாம். குறைஞ்சா மறுபடி இதே நீலம் வராது."

பாதி ஜன்னல் ஒரு நீலம், மீதி வேறு நீலம் என்றால் முதல் வேலையே கடைசி வேலை.

"கவலைய விடு கண்ணு. மாமா எதுக்கு இருக்கேன்?"

எனக்கும் ஷீட்டுக்கும் உள்ள பழக்கம், எனக்கும் நிலாவுக்கும் உள்ள பழக்கம்தான். தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

பிடித்துவிட்டேன்! எண்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது இருந்தால் கம்ப்யூட்டர் அந்த எண்ணை எண்ணாகவே மதிக்காது, வெறும் எழுத்து என்று ஒதுக்கிவிட்டுக் கூட்டும். நல்ல எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கிறது. இந்தத் திருட்டுப் பயல்கள் இடப்பக்கம்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னத்தத் தேடறீங்க?"

"இடைவெளி."

"அத ஏன் கம்ப்யூட்டர்ல தேடறீங்க? உங்க தலைக்குள்ள நிறைய இருக்கே."

மார்ச் 5, வியாழன்

மகத்தான நாள். வால் நறுக்கும் ட்ரிம் என்ற வாளை வீசினேன். பாதிப் பேர் விழுந்தார்கள், மீதிப் பேர் அசையவில்லை. போன் வழியாக வந்த அந்த இடைவெளி பார்வைக்குத்தான் இடைவெளி, உள்ளுக்குள் வேறு பிறவி. அதில் ஒருவனையே நகல் எடுத்து, தேட வேண்டிய இடத்தில் ஒட்டி, மாற்ற வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுத் தட்டினேன். வால்கள் ஒழிந்தன!

அப்போதும் சிலர் இடப்பக்கமே முறைத்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தால், நடு வயிற்றில் ஓர் இடைவெளி. "2 40." அளவெடுப்பவரின் விரல் தடுக்கியிருக்கும். அதையும் தின்றேன். 240! மொத்தப் படையும் வலப்பக்கம் சாய்ந்தது. பேரரசர்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் என் சாம்ராஜ்யத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். வாசிப்புக்கூடம், பெரிய ஜன்னல்: 25.

இருபத்தைந்து சென்டிமீட்டரா? பூனை தலையை நீட்டினாலே மீசை இடிக்குமே!

அளவெடுப்பவரைப் போனில் பிடித்தேன்.

"ரெண்டு மீட்டர், அஞ்சு சென்டிமீட்டர் சார். அதான் '2 5'ன்னு நடுவுல இடம் விட்டிருந்தேனே!"

"அத நான் தின்னுட்டேன்."

"எல்லாத்தையுமா சார்?"

அடப்பாவி, என்ன பண்ணி வெச்சிருக்கேன்! இருநூற்றைந்து இருபத்தைந்தாகிவிட்டதே! இப்படி எத்தனை ஜன்னலோ — அக்கா மகளுக்குப் போன் போட்டேன், பிஸி. பட்டறைக்கு ஓடினேன். தெருவே என்னைப் பார்த்து ஒதுங்கியது. ஒரு நாய் கூடவே ஓடிவந்து, முடியாமல் நின்றுவிட்டது.

"அனுப்பிட்டியா?"

"டீ குடிச்சிட்டு அனுப்பலாம்னு..."

டீ வாழ்க! டீயைக் கண்டுபிடித்தவரின் ஏழு தலைமுறையும் வாழ்க!

விஷயத்தைச் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. "மாமா, இது விளையாட்டில்ல." இருவரும் ஷீட்டின் முன்னால் உட்கார்ந்தோம். மூல அளவுகளை மறுபடி ஒட்டினோம். வாலை மட்டும் நறுக்கினோம். நடுவில் இடைவெளி இருந்தவற்றை மட்டும் அங்கே பிரித்து, மீட்டர் ஒரு பத்தி, சென்டிமீட்டர் ஒரு பத்தி. மீட்டரை நூறால் பெருக்கிச் சென்டிமீட்டரைக் கூட்டினோம். ஒவ்வொரு ஜன்னலையும் அவள் வாய்விட்டுப் படிக்க, நான் தலையாட்டினேன். அனுப்பினாள்.

மார்ச் 7, சனி

கனவிலும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது.

ஏப்ரல் 18, சனி

நூலகம் போய் வந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நீலம். வானம் இதைப் பார்த்துத்தான் இனிமேல் சாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் என் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு குட்டித் திரை தொங்குகிறது.

"உங்க அக்கா மக மாட்டிட்டுப் போனா," என்றாள் வீட்டுக்காரி. "உங்க கணக்குப்படியே தச்சாளாம்."

அளந்தேன். இருபத்தைந்து சென்டிமீட்டர். கம்ப்யூட்டரின் முகத்தில் பாதிதான் மறைகிறது.

அதே நீலம். அப்படியென்றால், துணி மிஞ்சியிருக்கிறது!