முந்தானையில் முடிந்த பூட்டு

சிலமலை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், பொறுத்துக்கொள். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார்.

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. மேலே மலையில் மழை விடவில்லை. போடியில் ஏலக்காய் விலை பரவாயில்லையாம்.

காளீஸ்வரி அக்காவை நினைக்காத நாள் இல்லை. கல்யாணம் முடிந்து குரங்கணியில் ஜீப் ஏறும்போது சிரித்துக்கொண்டேதான் போனாள். அடுத்த தீபாவளிக்கு வந்தவள், யார் கதவைச் சாத்தினாலும் திரும்பிப் பார்த்தாள். ஈஸ்வரன் மாமா நல்லவர்தான் என்றாள், யாரும் கேட்காமலே.

நான் மலையில் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் அழைத்துப் போனாள். அடுப்புச் சூட்டில் மூச்சு முட்டியது. உள்ளே போகிறவர் வெளிக்கதவின் பூட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது மலை வழக்கம். பூட்டு கொண்டியில் தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "மறந்தா பொணந்தான்டி" என்று சிரித்தாள்.

அன்றைக்கு அவள் பூட்டை எடுத்துப்போக மறந்துவிட்டாள் என்கிறார் மாமா. பூட்டு வெளியே தொங்கியதாம். ஆள் இல்லையென்று பூட்டிவிட்டு, போடிக்கு லோடு கொண்டுபோனாராம். எல்லோரும் நம்பினோம். அவள் உடலைக் குளிப்பாட்டிய மொக்கம்மாளைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். "முந்தானை முனை கிழிஞ்சு கெடந்துச்சு, ஆத்தா. நான் சொன்னேன்னு சொல்லிராத" என்றவள், நிற்காமல் போய்விட்டாள்.

நேற்று மாமா ரோஜாவோடு வந்தார். மூன்று வயதுப் பிள்ளை தாயில்லாமல் வளரக் கூடாது, அக்கா இடத்துக்கு நான் வர வேண்டும் என்றார். அப்பா தலையாட்டினார். தை பிறந்ததும் பரிசம். காப்பி கொடுத்தபோது மாமா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "உங்கக்கா மறந்துட்டா, பவா. நீ படிச்ச புள்ள, மறக்க மாட்டே."

ரோஜா அவர் மடியில் அசையாமல் இருந்தாள். அம்மா கொல்லைக் கதவைச் சாத்தியதும் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்றுதான் பெயர். அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் பிள்ளை அவரோடு மலைக்குத்தான் திரும்பிப் போவாள்.

ஓசூர் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணே, நீ ரோஜாவுக்குத் தாய்மாமன். உன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும் என்று கேட்டால் அவரால் மறுக்க முடியாது. மார்கழிக்கு முன்னால் வந்து அவளைக் கீழே கூட்டி வந்துவிடு. அப்புறம் மேலே அனுப்பாதே. என்னையும் அனுப்பாதே.

உன் தங்கை,
பவதாரணி