பச்சை கேன்

மார்ச் 4

விடாத மழை. யூனிஃபார்ம் காயவில்லை, இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். செருப்புக் கிடங்கு எரிந்து, உள்ளே படுத்திருந்த காவல்காரர் இறந்து ஒரு வாரம் ஆகிறது. அவர் மகள் இன்றும் ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகமெல்லாம் அந்தக் கிடங்கில் வேலையைவிட்டு நிறுத்தப்பட்ட லோடுமேன் மேல். அவனும் அவன் தம்பியும் முதலாளியோடு மல்லுக்கு நின்றதைத் தெருவே பார்த்திருக்கிறது. ஆதாரம்தான் இல்லை. கிடங்கில் இருந்த கேமராவும் தீயில் உருகிவிட்டது. “நாளைக்கு நீ பேசு. நீதான் தேனொழுகப் பேசுவியே” என்றார்.

மார்ச் 5

ஒத்துக்கொண்டுவிட்டான்!

மதியம்வரை “வீட்லதான் இருந்தேன்” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். கடைசியில் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். “கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு. முகம் தெளிவா இல்ல, கையில பச்சை கேன் நல்லாத் தெரியுது. ஒண்ணு நீ, இல்லன்னா உன் தம்பி.” பச்சை என்று ஏன் சொன்னேன்? அறை மூலையில் தரை துடைக்கிற பச்சை வாளி இருந்தது. கண் அதில் பட்டது, அவ்வளவுதான்.

“தம்பியும் இங்கதான் இருக்கானா மேடம்?”

“பக்கத்து ரூம்ல.” அதுவும் பொய்.

தன் கால் விரல்களைப் பார்த்தபடியே சொன்னான். “நான்தான் மேடம். அவனை விட்ருங்க.”

இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். “ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க. ரெண்டு பொய் சொல்லி ஒரு கொலைகாரனைப் பிடிச்சா என்ன குறைஞ்சிடும்?” காவல்காரர் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

மார்ச் 6

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 8

வாக்குமூலத்தை டைப் செய்ய உட்கார்ந்தேன். பெட்ரோல் எங்கே வாங்கினாய்? தெரியாது. எந்தக் கதவு வழியாகப் போனாய்? “நீங்களே எழுதிக்குங்க மேடம்.” எங்கே ஊற்றினாய்? விழிக்கிறான். ஒன்றே ஒன்றில் மட்டும் உறுதி: “பச்சை கேன்ல கொண்டு போனேன்.”

டைப் செய்வதை நிறுத்தினேன். அந்தக் கேன் என் வாயிலிருந்து வந்தது. நான் சொன்னதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். “பயத்துல எல்லாம் மறந்திருக்கும். விடு” என்றார். விட்டேன்.

மார்ச் 10

தம்பி வந்தான். அண்ணனைப் பார்க்க விடவில்லை. கேட் அருகே என்னிடம் அழுதான். “நான் பண்ணேன்னு நெனச்சிக்கிட்டு, என்னைக் காப்பாத்தப் போய் மாட்டிக்கிச்சு மேடம் அது. நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல.”

மார்ச் 11

பச்சை கேன் கிடைத்துவிட்டது.

மார்ச் 12

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. லோடுமேன் வீட்டுக்குப் பின்னால் தேடியபோது கிடைத்ததாம். புத்தம்புதுசு. விலை ஒட்டியிருந்த இடத்தில் பசை இன்னும் பிசுபிசுக்கிறது.

“ஐயா, அப்படி ஒரு கேனே கிடையாது. அது நான் சும்மா அடிச்சுவிட்டது.”

“கிடையாதா? அப்ப இது என்ன?” என்று இன்ஸ்பெக்டர் கேனை மேசையில் தூக்கி வைத்தார். சிரிக்கக்கூட இல்லை.

கடவுளே, நான் என்ன பண்ணித் தொலைச்சேன்! ஒரு வார்த்தைதானே — அதுக்கு மூடியும் கைப்பிடியும் முளைச்சு வந்து நிக்குதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே இல்லாத பூசணிக்காயைச் சோற்றிலிருந்து எடுக்கிறார்கள்.

மே 20

அரசு வக்கீல்: “கேன் பேச்சை நீங்களா எடுக்காதீங்க. கேட்டா, ‘நினைவில்லை’ன்னு சொல்லிடுங்க.”

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார். “வேலை போனா சமாளிச்சுக்கலாம். ஆனா அவன் நிஜமாவே பண்ணியிருந்தா? நீ சொல்ற உண்மையால ஒரு கொலைகாரன் வெளிய வந்தா?”

அவன் செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? என் பொய்க்குப் பின்னால் உண்மை எது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் நான் செய்த காரியம்.

ஜூன் 17

கோர்ட். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், “பச்சை கேன்னு முதல்ல சொன்னது யாரு?”

நினைவில்லை என்று சொல்ல வாய் தயாராகவே இருந்தது. “நான்” என்றேன். “அப்படி ஒரு கேன் இல்லை. நான் கற்பனையாகச் சொன்னது.”

இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே போனார். படியில் காவல்காரர் மகள் நின்றிருந்தாள். “அப்ப எங்கப்பாவை யாருதான் கொன்னாங்க? சொல்லுங்க.” இந்த முறை என் கையை அவள் தொடவில்லை.

ஜூலை 2

லோடுமேன் விடுதலை. எனக்கு மாற்றல் — வழக்குப் பொருட்கள் வைக்கும் கிடங்குக்கு. ஜன்னல் இல்லாத அறை. தும்மல்.

ஆகஸ்ட் 9

வழக்கு முடிந்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் நாள். லோடுமேன் வந்தார். இளைத்துப் போயிருந்தார். நான் எழுந்து நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் நின்றுகொண்டே இருந்தார். செல்போன், பெல்ட், ஒரு ஜோடிச் செருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கடைசியில் கேன். அதிலும் அவர் பெயர் எழுதிய சீட்டுதான் கட்டியிருந்தது.

செருப்பை அங்கேயே போட்டுக்கொண்டார். கேனை மட்டும் மெதுவாக என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“இது உங்களுது மேடம்.”

கோபமாகச் சொல்லவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளை எடுத்துக் கொடுப்பவர்போலத்தான் சொன்னார். வாங்கி வைத்துக்கொண்டேன்.