வங்காளத்து அம்மாளின் ரேடியோ கதை

1959 மே 14, வியாழன்.

இந்தப் பழனி மலையிலேயே பெரிய ரேடியோ என் கடையில்தான் இருக்கிறது. செண்பகனூரில் தங்கியிருக்கும் வங்காளத்து எழுத்தாளர் அம்மாள், தான் கல்கத்தாவில் படித்துப் பதிவு செய்த கதையைக் கேட்க இன்று வந்தார். அவர் கதையை யாரும் கேட்பதில்லை என்று ரேடியோக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். இதுவே கடைசி, இனி எழுதுவதில்லை என்று இங்கிலீஷில் சொன்னார்.

கடை நிறைய பேத்துப்பாறை ஊரிலிருந்து வந்த பூண்டு விவசாயிகள். எனக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு என்று அவர்களிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன்.

“மாமா, என்ன கதைன்னு வெரசா சொல்லுங்க” என்றான் கருப்பையா.

ரேடியோவில் கதை ஓடியது; எனக்குப் புரிந்தது அடிக்கடி வந்த ‘மா’ என்ற சொல் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு, ஓடிப்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய் என்று எடுத்துவிட்டேன். கருப்பையா கண்ணைத் துடைத்தான்.

“பய வந்தானா இல்லையா மாமா?”

“ஏலே, வந்துட்டான்! சோறு கேட்டுக்கிட்டு நிக்கிறான்!”

கடையே கை தட்டியது. அம்மாள் எழுந்து கும்பிட்டார். நாளைக்கே புதுக் கதை தொடங்குகிறாராம்.

என் வாய் அப்படி. ஆனால் ரேடியோவில் கேட்ட அம்மாளின் துயரம் தோய்ந்த குரல் தூங்கவிடவில்லை. அவர் கதையில் அப்படி ஒரு பையன் இருந்திருந்தால், அவன் திரும்பி வந்திருக்க மாட்டான்.