புலி வருஷக்காரி

7 நவம்பர் 1973, புதன்

நாளை காலை அலமேலுவுக்கு வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன். செவ்வாய் வேண்டாம் என்று பஞ்சாங்கம் பார்த்து வியாழனுக்கு மாற்றச் சொன்னவன் நான்தான். இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள அவளுக்கு மெத்தென்ற செருப்பு வாங்க, சிகந்தராபாத்தில் சீனாக்காரர் கடைக்குப் போனேன். சுவரில் அவர்கள் நாள் பார்க்கும் காலண்டர் தொங்கியது. பேசாமல் வந்திருக்கலாம். நாளை எப்படி என்று கேட்டுவிட்டேன். கடைக்கார அம்மாள் அலமேலு பிறந்த வருஷத்தைக் கேட்டு விரல்விட்டு எண்ணினாள்.

"நக்கோ சாப், கல் நக்கோ" என்றாள், நாளைக்கு வேண்டவே வேண்டாமாம். அலமேலு பிறந்தது புலி வருஷமாம். நாளை புலிக்கு ஆகாத நாளாம். கத்தி படக்கூடாதாம்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பஸ்ஸில் அந்த அம்மாள் எண்ணியது போலவே நானும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

அலமேலு செருப்பைப் போட்டு நடந்து பார்த்தாள். "ஏன் முகம் வெளுத்திருக்கு? அறுக்கப் போறது என்னையா, உங்களையா?" என்று சிரித்தாள். பிறகு மெதுவாக, "நாளைக்கு நாள் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"ரொம்ப நல்ல நாள்" என்றேன்.

பல நாளாகச் சரியாகத் தூங்காதவள், அதைக் கேட்டதும் தூங்கிவிட்டாள். மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.